முள்ளுக்கரண்டி வீடு

ஜூன் 3, திங்கள்

செப்டிக் டேங்குக்குக் குழி வெட்ட இன்று ஆள் வந்தார்கள். எட்டு மணி என்று சொல்லிவிட்டுப் பத்தரைக்கு வந்தார்கள். நான் கொல்லையிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். நான் பார்க்கிறேன் என்றால் கடப்பாரை கொஞ்சம் வேகமாக விழும். முப்பது வருடம் போர்டிங் பள்ளியில் மேட்ரனாக இருந்தவள் நான். சாப்பாட்டுக் கூடத்தில் என் செருப்புச் சத்தம் கேட்டாலே முந்நூறு பிள்ளைகளின் கரண்டிச் சத்தம் அடங்கும். குழி வெட்டுகிறவர்கள் எம்மாத்திரம்.

புதுக் குளியலறை தம்பி தேவசகாயத்தின் யோசனை. முன்பக்கம் அவன் குடும்பம், பின்பக்கம் நான். அவன் மகள் பியூலா பெல்ஃபீல்ட் பங்களாவில் ரிசப்ஷனில் வேலை செய்கிறாள். பங்களாவை ஹோட்டலாக மாற்றி ஒரு வருடமாகிறது. இங்கிருந்து கூப்பிடு தூரம்தான். கேக் நன்றாக இருக்கும், வாங்க அத்தை என்று பியூலா பல தடவை கூப்பிட்டுவிட்டாள். எனக்குத்தான் இதுவரை நேரம் கிடைக்கவில்லை.

ஜூன் 4, செவ்வாய்

குழி இடுப்பளவு இறங்கியபோது கடப்பாரை எதிலோ பட்டு டங்கென்றது. தகரப் பெட்டி. தொட்டதும் துரு அப்பளமாக நொறுங்கியது. உள்ளே மக்கிப்போன சாக்கு. அதற்குள் சாப்பாட்டு மேசைச் சாமான்கள்: ஸ்பூன்கள், முள்கரண்டிகள், கத்திகள். எல்லாம் கறுத்து, அங்கங்கே பச்சை பூத்து.

மேஸ்திரி வெள்ளையன் ஒன்றை எடுத்து மண்ணைத் தட்டினார். பார்த்ததும் சட்டென்று கீழே வைத்துவிட்டார். "முள்ளுக்கரண்டிங்க" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

அவர் ஏன் பார்க்கவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். ஏற்காட்டில் எங்கள் வீட்டுக்கு அதுதான் பெயர். முள்ளுக்கரண்டி வீடு. ரேஷன் கடையிலும் அப்படித்தான், கல்யாணப் பேச்சிலும் அப்படித்தான். என் கொள்ளுத்தாத்தா மாசிலாமணி பெல்ஃபீல்ட் பங்களாவில் பட்லராக இருந்தவர். துரையின் பெயர் எட்வர்ட் சாண்டர்ஸ். 1911-இல் இங்கிலாந்து ராஜாவின் முடிசூட்டுக்காகத் துரை ஒரு விருந்து கொடுத்தார். விருந்து முடிந்து பார்த்தால் வெள்ளியில் செய்த கரண்டி, முள், கத்தி எல்லாம் ஒரு செட்டாகக் காணோம். மாசிலாமணியை வேலையை விட்டு நிறுத்தினார்கள். போலீஸ் வந்து வீட்டைக் கவிழ்த்துப் பார்த்தது. பிறகும் பல தடவை வந்ததாம். எதுவும் கிடைக்கவில்லை, வழக்கும் இல்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. எனக்கு வந்த இரண்டு வரன்கள் வீட்டுப் பெயரைக் கேட்டதும் நின்றுபோயின. அதில் எனக்கு வருத்தமில்லை. இரண்டாவது ஆளுக்கு மூக்கும் சரியில்லை.

கொள்ளுத்தாத்தா திருடவில்லை. இதில் எங்கள் வீட்டில் இரண்டு கருத்து கிடையாது. இப்போது எங்கள் கொல்லையிலேயே ஒரு பெட்டி முள்கரண்டி.

என்ன செய்ய என்று வெள்ளையன் கேட்டார். வேலையைப் பாருங்கள் என்றேன். எல்லாவற்றையும் முறத்தில் அள்ளிக்கொண்டு உள்ளே வந்தேன். முறம் கனத்தது.

ஜூன் 5

மழை. தூங்கவில்லை. காபித்தூள் மாற்றியதுதான் காரணம்.

ஜூன் 6, வியாழன்

பாத்திரத்தின் குணம் தேய்த்தால்தான் தெரியும். ஒரு முள்கரண்டியைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். என் கைக்குத் தப்பிய கறை கிடையாது. கறுப்பு போய் வெள்ளை வந்தது. இன்னும் தேய்த்தேன். வெள்ளையும் போய் மஞ்சளாக ஏதோ எட்டிப் பார்த்தது. காம்பின் பின்புறம் பொடிப்பொடியாக ஏதோ ஒட்டியிருந்தது, அதையும் விடவில்லை. அழுக்குதான்.

பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தபோது, காம்பில் குட்டிக் குட்டிக் கட்டங்களுக்குள் நாலு ஆங்கில எழுத்துகள். இ. பி. என். எஸ்.

பாத்திரத்தில் எழுத்து இருந்தால் அது பெயர். வாங்கியவர் பெயர், இல்லையென்றால் சீர் கொடுத்தவர் பெயர். என் சமையலறையில் பெயர் வெட்டாத டம்ளர் ஒன்றுகூட இல்லை. இ என்றால் எட்வர்ட். எஸ் என்றால் சாண்டர்ஸ். நடுவில் இரண்டு எழுத்து. வெள்ளைக்காரர்களுக்கு நடுவில் இரண்டு பெயர் இருப்பது சகஜம்.

மற்ற முள்கரண்டிகளைத் தேய்க்கவில்லை. ஈரத்துணியால் துடைத்து மட்டும் பார்த்தேன். அதே நாலு எழுத்து.

இன்று சமைக்கவில்லை. பசி இல்லை.

ஜூன் 7

தம்பி தேவா வேலைக்குப் போகுமுன் பின்பக்கம் வந்தான். "குழி இன்னும் மூடலக்கா. திருப்பிப் போட்டு மேல கான்கிரீட் ஊத்திரலாம். யாருக்கும் தெரியாது" என்றான். அறுபதை நெருங்குகிறவனை ஆறு வயதுப் பிள்ளையைத் திட்டுவது போலத் திட்டினேன். நம் வீட்டு மண்ணில் கிடைத்தது எதுவானாலும் நேராகப் பார்ப்போம், பயந்து புதைக்க நாம் என்ன செய்துவிட்டோம் என்று கேட்டேன். வாயை மூடிக்கொண்டு போய்விட்டான்.

அவன் போன பிறகு குழியருகே கொஞ்ச நேரம் நின்றேன். சுவர் நேராக வெட்டியிருக்கிறார்களா என்று பார்க்கத்தான். கையில் முறம் இருந்ததும் உண்மை.

எங்கள் வீட்டில் எந்தக் காலத்திலும் முள்கரண்டி இருந்ததில்லை. அப்பா விடமாட்டார், நாக்கைக் குத்தும் என்பார். தேவா பள்ளியில் ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்துக் கொண்டுவந்த செட்டில்கூட, ஸ்பூனை வைத்துக்கொண்டு முள்ளை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டு வரச் சொன்னார். அந்தப் பிள்ளை அழுதுகொண்டே போனது எனக்கு நினைவிருக்கிறது. நாள் முழுக்க முள்கரண்டிகளோடு வேலை பார்த்துவிட்டு நானும் வீட்டில் கையால்தான் சாப்பிட்டேன். பழக்கம் அப்படி.

ஜூன் 9, ஞாயிறு

வெள்ளையன் வாய் சும்மா இருக்கவில்லை. ஆராதனை முடிந்து வெளியே வந்தால் எல்லோரும் என்னிடம் ஒரே அன்பாக நலம் விசாரிக்கிறார்கள்.

மத்தியானம் ஜீப்பில் சிவநேசன் வந்தார். பங்களாவை வாங்கி ஹோட்டலாக்கிய சேலத்துக்காரர். நல்ல மனிதர்தான், சத்தமாகப் பேசுவார். மாதக் கடைசியில் பங்களாவில் பழைய பொருள்களுக்கு ஒரு கூடம் திறக்கிறாராம். நூறு வருடம் கழித்துத் திருட்டுச் சாமான் அகப்பட்டிருக்கிறதே, அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் சென்னையிலிருந்து கூட்டம் வரும் என்றார். திருட்டுச் சாமான் என்று யார் சொன்னது என்று கேட்டேன். "நம்ம பலகையிலயே இருக்குதேம்மா" என்றார். எனக்குத் தெரியாது என்பதே அவருக்கு ஆச்சரியம். பின்னால் நின்றிருந்த பியூலா உள்ளே போய்விட்டாள்.

அவரை அனுப்பிவிட்டு அவளைப் பிடித்தேன். ரிசப்ஷனுக்குப் பின்சுவரில் பங்களாவின் கதையை எழுதி மாட்டியிருக்கிறார்களாம். அதில் ஒரு வரி: முடிசூட்டு விருந்தன்று பட்லர் மாசிலாமணி வெள்ளிச் சாமான்களைத் திருடி மறைத்தான், இன்றுவரை அகப்படவில்லை. 'மறைத்தான்' என்று போட்டிருக்கிறார்கள், வீட்டுக் குழந்தையைச் சொல்வது போல. வருகிறவர்கள் எல்லோரும் அந்த வரியைத்தான் படித்துச் சிரித்து, மேலும் கேட்பார்களாம். இவள் சிரித்த முகத்தோடு கதை சொல்ல வேண்டுமாம்.

"தினம் காலைல போனதும் பூ ஜாடிய நகர்த்தி அந்தப் பேர் மேல வர்ற மாதிரி வெச்சிருவேன் அத்தை. பெருக்கற ஆள் திரும்ப எடுத்து நடுவுல வெச்சிருவாரு" என்றாள்.

ஒரு வருடமாக இந்தப் பிள்ளை பூ ஜாடியை நகர்த்திக்கொண்டிருக்கிறது. எனக்குக் கேக் சாப்பிட நேரமில்லை.

முடிவு செய்துவிட்டேன். இந்தச் சாமான்களின் வயது தெரிய வேண்டும். 1911-க்கு முந்தியதா, பிந்தியதா. பிந்தியதென்றால் அந்த வரி சுவரில் இருக்கக்கூடாது. முந்தியதாக இருக்காது.

ஜூன் 10

இளவேனிலுக்குப் போன் செய்தேன். என் போர்டிங் பிள்ளை. சாப்பாட்டு ஸ்பூனால் தோட்டத்தைத் தோண்டி என்னிடம் திட்டு வாங்கியவள். இப்போது சேலத்தில் ஒரு கல்லூரியில் தொல்லியல் நடத்துகிறாள், அதற்குச் சம்பளமும் தருகிறார்கள். விஷயத்தைச் சொன்னதும், எடுத்துக்கொண்டு வாருங்கள், எதையும் தேய்க்க மட்டும் வேண்டாம் மேட்ரன் என்றாள்.

தேய்க்கவில்லை என்றேன்.

ஜூன் 14, வெள்ளி

சேலம் போய்வந்தேன். எல்லாவற்றையும் துணியில் சுற்றிக் கூடையில் வைத்து மடியை விட்டு இறக்காமல் கொண்டுபோனேன்.

இளவேனில் மேசையில் வெள்ளைத் தாள் விரித்து வரிசையாக வைத்தாள். நான் தேய்த்த முள்கரண்டியை முதலில் எடுத்தாள். அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "புளியா மேட்ரன்?" என்றாள். புளியும் சாம்பலும் என்றேன். மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை, நன்றாக வளர்த்திருக்கிறேன்.

அந்த நாலு எழுத்தைக் காட்டினேன். எட்வர்ட் சாண்டர்ஸ் என்று சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். அது ஆள் பெயரே இல்லையாம். நிக்கல் கலந்த உலோகத்தின் மேல் வெள்ளி முலாம் பூசியது என்பதற்கான குறியாம். உலகம் முழுக்க லட்சக்கணக்கான கரண்டிகளில் அதே நாலு எழுத்து இருக்குமாம். ஒரு வாரமாக நான் அந்தத் துரைக்குப் பீட்டர், பால், நெல்சன், நிக்கோலஸ் என்று நடுப் பெயர் தேடிச் செத்துக்கொண்டிருந்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் பாத்திரத்தில் பெயரை வெட்டாமல் உலோகத்தின் பெயரை வெட்டுவது என்ன வழக்கம் என்று இப்போதும் எனக்குப் புரியவில்லை.

சந்தோஷம் நீடிக்கவில்லை. இந்த மாதிரி முலாம் 1911-க்கு ரொம்ப முன்னாலிருந்தே உண்டு, பின்னாலும் உண்டு, முள்கரண்டியை வைத்து வயது சொல்ல முடியாது என்றாள். பிறகு கத்திகளைத் தன் பக்கம் இழுத்தாள். ஒன்று துருக்கட்டி. மற்றொன்று மண்ணைத் துடைத்ததும் பளிச்சென்று இருந்தது.

"இது மட்டும் ஏன் துருப்பிடிக்கல?" என்று கேட்டாள்.

"எவர்சில்வர் எதுக்குத் துருப்பிடிக்கும்?" என்றேன்.

அவள் சிரித்தபடி காத்திருந்தாள். எனக்கு அப்போதும் விளங்கவில்லை. பிறந்ததிலிருந்து எவர்சில்வர் தட்டில் சாப்பிட்டு, முப்பது வருடம் எவர்சில்வர் ஸ்பூனை எண்ணி வைத்தவள் நான். அதற்கும் ஒரு பிறந்த வருடம் உண்டு என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

மூங்கில் குச்சியும் தண்ணீருமாக அலகின் அடியில் மெதுவாகச் சுரண்டினாள். 'ஸ்டெயின்லெஸ்' என்ற சொல் அரைகுறையாகத் தெரிந்தது. "கத்திக்கான இந்த எஃகையே 1913-லதான் கண்டுபிடிச்சாங்க மேட்ரன். மேசைக் கத்தியாகி, கடைக்கு வந்து, இந்த மலைக்கு ஏறி வர்றதுக்குள்ள முதல் உலகப் போரே முடிஞ்சிருக்கும்" என்றாள். ஒரே பெட்டியில் ஒன்றாகப் புதைத்ததால், அதிலிருக்கும் கடைசிப் பொருளுக்குப் பிறகுதான் பெட்டியைப் புதைத்திருக்க முடியும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகள் என்று வைத்துக்கொள்ளலாம் என்றாள்.

எனக்கு அரைகுறை வேண்டாம். கத்தி பிந்தியது சரி, முள்கரண்டிகள் முந்தியவையாக இருந்து பிறகு சேர்த்துப் புதைத்திருந்தால் என்று நானே கேட்டேன். கேட்டுவிட்டு நானே எழுந்து சாமான்களைச் சாப்பாட்டு மேசை போல அடுக்கினேன். அப்போதுதான் பார்த்தேன். ஒரு முள்கரண்டி போல இன்னொன்று இல்லை. ஒன்றின் காம்பு அகலம், ஒன்றுக்கு நுனியில் சிப்பி வேலைப்பாடு, ஒன்று வெறும் மொட்டை. ராஜாவின் பெயரில் விருந்து கொடுக்கிற துரை வீட்டில் இப்படி மேசை போட்டால் பட்லரை அன்றைக்கே நிறுத்தியிருப்பார்கள். ஸ்பூன்களோ நுனியில் இடப்பக்கம் சாய்வாகத் தேய்ந்திருந்தன. வலது கையால் தினமும் தட்டைச் சுரண்டிச் சாப்பிட்டால் வருகிற தேய்மானம் அது. பண்டிகைக்குப் பண்டிகை வெளியே எடுக்கிற வெள்ளி அப்படித் தேயாது. இதைச் சொன்னதும் இளவேனில் பேனாவை எடுத்து எழுதிக்கொண்டாள். காணாமல் போனது சுத்த வெள்ளி, இவை வெறும் முலாம், அதுவும் சேர்த்தி என்றாள்.

கடைசியில் பூதக்கண்ணாடியை என்னிடம் தந்து ஒரு முள்கரண்டியின் பின்புறத்தைக் காட்டினாள். "இது கம்பெனி முத்திரை இல்ல. உங்களுக்குத் தெரியுதா பாருங்க."

பொடிப்பொடியாகப் புள்ளிகள். உளியால் தட்டித் தட்டி வைத்த புள்ளிகள். சேர்த்துப் படித்தால் ஓர் எழுத்து. மா.

எழுத்துமூலம் தருவாயா என்று கேட்டேன். "இது திருடுபோன சாமான் இல்லன்னு எழுதித் தர்றேன். அவர் திருடலைன்னு எழுதித் தர முடியாது மேட்ரன். அதுக்கு இந்தப் பெட்டியில சாட்சி இல்ல" என்றாள். கோபம் வந்தது. அவள் கொடுத்த டீயைக் குடிக்காமல் கிளம்பிவிட்டேன். பஸ் மலை ஏற ஏறக் கோபம் இறங்கியது. தெரிந்ததை மட்டும்தான் சொல்வேன் என்கிறாள். அதில் என்ன தப்பு. பலகை எழுதியவனுக்கும் இதைச் சொல்லிக்கொடுத்திருக்கலாம்.

ஜூன் 15, சனி

பரணிலிருந்து பித்தளைக் குடத்தை இறக்கச் சொன்னேன். கொள்ளுத்தாத்தா காலத்துக் குடம். கழுத்தில் அதே மா. துணைக்காலின் கடைசிப் புள்ளி கோட்டைத் தாண்டி விலகி நிற்கும். சின்ன வயதில் அந்தப் புள்ளியை நகத்தால் நெருடிக்கொண்டே இருப்பேன். முள்கரண்டியிலும் கடைசிப் புள்ளி அதே இடத்தில் விலகி நிற்கிறது. ஒரே கை.

அவருடையவை. அவரே வாங்கி, அவரே பெயர் வெட்டியவை. வேலை போன பிறகு கல்யாண வீடுகளுக்குக் கட்லெட்டும் புட்டிங்கும் செய்து கொடுத்துப் பிழைத்தார் என்று அப்பா சொல்லியிருக்கிறார். ஊருக்குத் திரும்பிய துரைமார்கள் வீட்டு ஏலத்தில் ஒன்று இங்கே, ஒன்று அங்கே என்று சேர்த்திருப்பார். துரைக்கு மேசை போட்ட மனிதர், தன் பெண்டாட்டி பிள்ளைகளுக்கும் மேசை போட்டிருக்கிறார். ஸ்பூன் தேயும்வரை போட்டிருக்கிறார். இதை எழுதும்போது எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

நான் தேய்த்த முள்கரண்டியின் பின்புறம் வழவழவென்று இருக்கிறது. அன்றைக்கு அழுக்கு என்று எழுதியிருக்கிறேன். அழுதேன்.

தேவா குடத்தையும் முள்கரண்டியையும் மாறி மாறிப் பார்த்தான். "சொந்தச் சாமான்தானே, பேரு வேற இருக்கு. அத எதுக்குக்கா புதைக்கணும்?" என்றான்.

"போலீஸ் திரும்பத் திரும்ப வந்த வீடுடா. திருடன்னு சொல்லிட்ட வீட்டுல முள்ளுக்கரண்டி இருந்தா, பேர யாரு திருப்பிப் படிப்பா?" என்றேன்.

அவன் முள்கரண்டியைத் திருப்பிப் பார்த்தான். பிறகு, "அப்பா... நாக்கக் குத்தும்னு..." என்று ஆரம்பித்தவன் முடிக்கவில்லை. ஆமாம் என்றேன்.

ஜூன் 20, வியாழன்

சிவநேசனை வீட்டுக்கு வரச் சொன்னேன். நான் போகவில்லை, அவரை வரவழைத்தேன். இளவேனில் எழுதி அனுப்பிய தாளைக் கொடுத்தேன், குடத்தையும் முள்கரண்டியையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். பொறுமையாகப் படித்தார். அப்படியானால் உண்மையான வெள்ளியை யார்தான் எடுத்தது என்று கேட்டார். தெரியாது என்றேன். உங்களுக்கும் தெரியாது, அதனால் பலகையும் தெரியாது என்றே சொல்லட்டும் என்றேன்.

அவர் இழுத்தார். விருந்தாளிகளுக்கு அந்தக் கதைதான் ரொம்பப் பிடித்திருக்கிறது என்றார்.

"என் தம்பி மக அந்தக் கதைக்குக் கீழதாங்க உக்காந்து வேலை பாக்கறா" என்றேன்.

அவருக்கு இது தெரியாது என்று முகத்திலேயே தெரிந்தது. காபி டம்ளரைக் கீழே வைத்தவர் மறுபடி எடுக்கவில்லை. சத்தமாகப் பேசுகிற மனிதர் மெதுவாக, மாற்றிவிடுகிறேன் என்றார். கிளம்பும்போது, முள்கரண்டிகளையாவது காட்சிக்குத் தாருங்களேன் என்று கேட்டுப் பார்த்தார். அவை சாப்பிடுவதற்கு என்று சொல்லி அனுப்பினேன்.

ஜூன் 24

தேய்த்த முள்கரண்டியைப் பாத்திரக் கடைக்குக் கொண்டுபோய் மறுபடி மா வெட்டச் சொன்னேன். இன்ஷியல் என்ன என்று கடைக்காரர் கேட்டார். மா போதும் என்றேன். இப்போதெல்லாம் மெஷின், கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. கடைசிப் புள்ளியை மட்டும் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொன்னேன். விசித்திரமாகப் பார்த்தார். இளவேனிலிடம் இதைச் சொல்லப்போவதில்லை.

ஜூன் 30, ஞாயிறு

ஆராதனை முடிந்து பட்டுப்புடவையோடு நேராகப் பெல்ஃபீல்ட் பங்களாவுக்குப் போனேன். முதல் தடவை. எழுதிவிடுகிறேன், அறுபத்து மூன்று வருடத்தில் முதல் தடவை. முன்வாசல் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். படி உயரம்.

புதுப் பலகை மாட்டியிருந்தார்கள். முடிசூட்டு விருந்தன்று வெள்ளிச் சாமான்கள் காணாமல் போயின, எடுத்தவர் யாரென்று தெரியவில்லை. அதற்குக் கீழே, அந்நாளில் பட்லராக இருந்தவர் திரு. மாசிலாமணி. பூ ஜாடி மேசையின் ஓரத்தில் இருந்தது. யாரோ ஒரு பெங்களூர்க்காரர் பலகையைப் படித்து ஏதோ கேட்க, பியூலா எழுந்து நின்றாள். "எங்க தாத்தாவோட தாத்தா சார்" என்றாள்.

ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து கட்லெட் சொன்னேன். அவர்கள் மேசை போட்டிருந்த விதம் சுமார்தான், கத்தியின் வாய் வெளிப்பக்கம் பார்த்திருந்தது. கட்லெட் வந்ததும் அவர்களுடைய முள்கரண்டியைத் தள்ளி வைத்துவிட்டு, கைப்பையிலிருந்து எங்களுடையதை எடுத்தேன். மஞ்சள் காட்டுகிறது, ஆனால் நன்றாகப் பிடிக்கிறது. நாக்கைக் குத்தவில்லை.

சாப்பிட்டு முடித்து முள்கரண்டியைக் கைக்குட்டையில் துடைத்துக் கைப்பைக்குள் போட்டேன். பரிமாறிய தம்பி பார்த்தார், பக்கத்து மேசைக்காரர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றுதான் மெதுவாகப் போட்டேன். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்வாசல் வழியாக வெளியே நடந்தேன். வாசலில் நின்ற காவலாள் கதவைத் திறந்துவிட்டுச் சலாம் வைத்தார். யாரும் என் பையைத் திறந்து பார்க்கவில்லை.